பதினைந்து சொட்டு மார்ஜரம்

பிப்ரவரி 11, செவ்வாய்

லாரூ இன்று நடக்க வரவில்லை. இருபது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் வாய்க்கால் பாதையில் நடக்கிறோம். பனி கொட்டிய நாளிலும் நடந்திருக்கிறோம். அவள் வீட்டு வாசலில் கால் விறைக்க நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஒன்பது மணிக்குப் போன். "ஐயோ ஜனீல், தூங்கிட்டேன்டி! டெல்லுக்கு நோவு வந்ததுலேர்ந்து நான் இப்படித் தூங்கினதே இல்ல. கோரலி ஒரு எண்ணெய் குடுத்தா. மார்ஜரமாம், ஏதோ வாசனைத் தழை. தலையணையில ஒரே ஒரு சொட்டு. புருஷனும் பொண்டாட்டியும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டோம்."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? பட்டேனா? கோரலி லாரூவின் எதிர் வீட்டுக்குக் குடிவந்து நாலு மாசம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சர்ச் பெண்கள் கூட்டம், கோரலி வீட்டில். கூடத்து மூலையில் ஒரு கருவி புஸ்புஸ்ஸென்று வாசனைப் புகை விட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் மூக்கை விடைத்துக்கொண்டு "ஆகா, மனசே லேசாயிடுச்சு" என்றார்கள். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை.

சமையலுக்கும் போடலாமாம். "பல்லு குத்தற குச்சி நுனியைக் குப்பியில தொட்டு, சூப்புல ஒரு சுத்து. அவ்வளவுதான். சொட்டுச் சொட்டா விட்டா வாயில வைக்க முடியாது" என்றாள் கோரலி. லாரூ அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறாள். எந்தக் கூட்டமானாலும் லாரூ பக்கத்து நாற்காலி என்னுடையது. நான் கதவோரம் கோட்டுக் குவியலுக்குப் பக்கத்தில்.

மார்ச் 4, செவ்வாய்

லாரூ நடக்க வந்தாள். கூடவே அவளும். அந்தப் பாதையில் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் பின்னால் நடந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நேற்று பக்கத்து ஊர்க் கடைக்குப் போய், யார் கண்ணிலும் படாமல் ஒரு குப்பி மார்ஜரம் எண்ணெய் வாங்கி வந்தேன். நானும் கோழி சூப் செய்து லாரூவுக்குக் கொண்டுபோகலாமே என்றுதான். குச்சியாவது மண்ணாவது, இவ்வளவு பெரிய பானைக்கு நாலு சொட்டாவது வேண்டாமா?

என் வீட்டுக்காரர் வெர்ன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டார். "ஏம்மா, பானையைச் சரியா கழுவலியா? சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு."

அத்தனையும் தொட்டியில் கொட்டினேன். குப்பியை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

மார்ச் 22, சனி

லாரூவின் டெல் போய்விட்டார். அதிகாலையில், தூக்கத்திலேயே.

செய்தி எனக்குக் கோரலி வாயால் வந்தது. லாரூ முதலில் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

மார்ச் 24, திங்கள்

பதினாலு வருஷமாக எங்கள் சர்ச்சில் யார் செத்தாலும் சாவு விருந்து உருளைக்கிழங்கு என் கையால்தான். துருவிய கிழங்கு, புளித்த க்ரீம், சீஸ், மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ். இன்று பெண்கள் சங்கத் தலைவி போன் செய்கிறாள்: "சிஸ்டர் ஜனீல், இந்தத் தடவை நீங்க ரொட்டி மட்டும் கொண்டு வாங்க. உருளைக்கிழங்கை சிஸ்டர் கோரலி பாத்துக்குவாங்க. லாரூவே சொன்னாங்க."

லாரூவே சொன்னாளாம். வயிறு எரியுது. ரொட்டியாம் ரொட்டி! கடையில வாங்கற சாமான்!

மார்ச் 26, புதன்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதைச் செய்யவில்லை என்று நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

அடக்கத்துக்கு எல்லாரும் கல்லறைக்குப் போயிருந்தார்கள். ரொட்டியைச் சூடு பண்ணுகிறேன் என்று நான் சர்ச் சமையலறையில் தங்கினேன். கோரலியின் பாத்திரம் அடுப்புக்குக் காத்திருந்தது. மூடியிருந்த தாளைத் தூக்கினேன். கைப்பையில் கொண்டுபோயிருந்த மார்ஜரம் குப்பியிலிருந்து பதினைந்து சொட்டு. எண்ணித்தான் விட்டேன். எல்லாரும் முகம் சுளிக்கட்டும், எண்ணெய் ராணியின் லட்சணம் தெரியட்டும் என்று.

முகம் சுளித்தார்கள்தான். பாதித் தட்டுகள் அப்படியே குப்பைக்குப் போயின. ஆனால் லாரூ... ஒரு வாய் வைத்தாள். நின்றுவிட்டாள். தட்டை மூக்கருகே கொண்டுபோனாள். "டெல் தலையணை வாசனை" என்றாள். காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

"இதை யார் செஞ்சது?"

கோரலி என்னைப் பார்த்தாள். "கிழங்கு என்னோடது. வாசனை ஜனீலோடது. உங்களுக்காகச் சேத்தாங்க" என்றாள்.

லாரூ எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். என் கை எழவே இல்லை. எப்படித் தெரிந்தது கோரலிக்கு?

மார்ச் 27, வியாழன்

மத்தியானம் கோரலி வந்தாள். என் குப்பியை மேஜைமேல் தலைகீழாக வைத்தாள். அடியில் வெள்ளை டேப், அதில் என் கையெழுத்தில் "ஜனீல்".

தலையில் அடித்துக்கொண்டேன். வாங்கிய அன்றே ஒட்டியிருக்கிறேன். சர்ச்சுக்குக் கொண்டுபோகிற பாத்திரம் எதுவானாலும் அடியில் பெயர் ஒட்டாமல் விடமாட்டோம், திரும்பி வர வேண்டுமே. கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது.

"பாத்திரம் கழுவற தொட்டி பக்கத்துல விட்டுட்டுப் போயிட்டீங்க. வேற யார் கண்ணுலயும் படல."

"ஏன் காப்பாத்தினீங்க?"

"உங்களை இல்ல. அவங்க புருஷனைப் புதைச்ச நாள் அது. சண்டைக்கு எங்க இடம்?"

சர்ச் கட்டுப்பாடு, காப்பி எங்கள் வீடுகளில் கிடையாது. சூடாகக் கோக்கோ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

லாரூவும் நானும் மட்டும் நடந்தோம். பாலத்தருகே சொல்லிவிட்டேன். அத்தனையும்.

அவள் நடையை நிறுத்தவே இல்லை. "இருபது வருஷமா உன் சமையலைச் சாப்பிடறேன். அன்புல போட்டியா கோவத்துல போட்டியான்னு என் நாக்குக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ரெண்டு தட்டா?"

"டெல் வாசனைடி அது. யார் எதுக்குப் போட்டா எனக்கென்ன?" கொஞ்ச தூரம் போனதும், "உருளைக்கிழங்கு செய்ய வேண்டாம்னு ஏன் சொன்னேன்னு நினைச்ச? அன்னிக்காவது நீ அடுப்படியில நிக்காம என் பக்கத்துல நிப்பன்னு நினைச்சேன். கல்லறையில திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீ வரவே இல்ல" என்றாள்.

நான் பாதையிலேயே நின்று அழுதேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்று பேரும் நடந்தோம். நான்தான் கோரலி வீட்டுக் கதவைத் தட்டினேன். போகும்போது அவள் பின்னால் வந்தாள். திரும்பும்போது நான் பின்னால், நானாகவே. வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது.