சுண்ணாம்பும் மரகதத்தின் கண்ணும்

12.6.44, திங்கள்
காலையில் தூறல். பத்துமலைப் பக்கத்துச் சூளையிலிருந்து சுட்ட சுண்ணாம்புக்கல் ஒரு சாக்கு, சைக்கிளில். நான் நனைந்தால் சளி, அது நனைந்தால் சாக்கே புகையும். என் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்தி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன்.

எங்கள் குவாட்டர்ஸ் வீட்டின் பின்னால் உள்ள மண் புளித்துக் கிடக்கிறது. பயத்தங்காய் இலை மஞ்சள். சர்க்கரைவள்ளி விரல் பருமன். பக்கத்துத் தோட்டக்காரர் ஆ ஹெங் சொன்னது:
– கல்லில் தண்ணீர் தெளித்து மாவாக்கு
– தூவிக் கொத்து, புளிப்பு போகும்
– எருவோடு சேர்க்காதே, எருவின் சத்து போய்விடும்
– நட இரண்டு வாரம் பொறு
– மிச்சத்தைச் செடியைச் சுற்றித் தூவு, நத்தை வராது

சுண்ணாம்பு நீற்ற எனக்கா சொல்லித்தர வேண்டும்? வெற்றிலை போடும் குடும்பம்.

13.6, செவ்வாய்
என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புக்குச் செய்வது போலவே கல், தண்ணீர், தூசி விழாமல் மூடி. அது சின்னக் கலயம், இது மண்ணெண்ணெய்த் தகரம் என்று தோன்றவில்லை. கொதித்து மூடி தெறித்தது. பக்கத்தில் நின்றவள் என் சம்சாரம் மரகதம். வலது கண்ணில் சுண்ணாம்புக் குழம்பு.

குழாயடியில் உட்காரவைத்து வாளி வாளியாகத் தண்ணீர். அடுத்த வீட்டு அக்கா நல்லெண்ணெயோடு ஓடி வந்தார். பயத்தில் கத்தி அனுப்பிவிட்டேன். பாவம், நல்ல மனம். ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டு, கண் அசையக் கூடாதாம். கட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்வை இருக்கிறதா என்பது வெள்ளிக்கிழமை தெரியும்.

மரகதம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

15.6, வியாழன்
வெயில். ரேஷன் அரிசி நானே கழுவினேன். பூச்சி வராமல் இருக்க அதிலும் சுண்ணாம்புத் தூள். ஏழு தண்ணீர். பிறகு தோட்டத்தில் சுண்ணாம்பு மாவைத் தூவிக் கொத்தி, தனியாளாக மூன்று பாத்தி. கண் வலிக்கிறதா என்று நாலு தடவை கேட்டேன்.

"நீங்க கேக்கிறதுதான் வலிக்குது" என்றாள்.

தட்டில் சோற்றைத் துழாவித் தேடுகிறாள். பார்க்க முடியவில்லை.

16.6, வெள்ளி
கட்டு அவிழ்த்தாயிற்று. கண் செக்கச் செவேல். தண்ணீர் ஊற்றியதுதான் காப்பாற்றியது என்றார் கட்டு அவிழ்த்த டிரெஸர். பார்வை எவ்வளவு மிச்சம் என்று அவருக்கும் தெரியவில்லை. கலங்கலாக இருக்கிறது என்று மட்டும் இவள் சொன்னாள்.

வீடு வந்ததும் நேரே தோட்டம். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"இந்தப் பாத்தியெல்லாம் நீங்களா போட்டீங்க? மூணாவது கோணலா இருக்கே."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கோணல்தான் தாயே, கோணல்தான்.