ஃபோனை விட்டு வெளியே போகாது

ஜூன் 3

வாலு,

நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. என் ஃபோன் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. போனால் போகட்டும் என்றிருந்தேன். நேற்று டாக்டரம்மா, "ரெண்டு வருஷத் தேதி இல்லாம நான் எப்படிம்மா முடிவு பண்றது? இவ்வளவு ரத்தம் போகுது, பேசாம கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்கிறார், ஏதோ பல் பிடுங்குவதுபோல. பதினெட்டாம் தேதிக்குள் காட்டாவிட்டால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுவார்.

தேதியெல்லாம் நீ செய்த மாதவிலக்குச் செயலியில்தான் குறித்தேன். "எல்லாம் உன் ஃபோனுக்குள்ளயே இருக்கும்டி, செஞ்ச நானே பார்க்க முடியாது" என்று சத்தியம் செய்தாய். தெரிந்தும் கேட்கிறேன், ஏதாவது வழி உண்டா?

புது ஃபோன் பாதி நேரம் இவர் கையில். பள்ளி முகவரிக்கே எழுது.

உன் டீச்சர்

ஜூன் 8

அடியே டீச்சர்,

ஃபோனை ஊறவைக்கிறவளை நம்பி நாற்பது பிள்ளைகளை அனுப்புகிறார்களே!

இருபத்தாறு மாதத் தேதிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். எப்படி என்று கேட்பாய். முதலில் சேர்ந்த நூறு பேருடைய பதிவுகள் மட்டும், கோளாறு கண்டுபிடிப்பதற்காக, எங்கள் அலுவலகக் கணினிக்கும் வந்துகொண்டிருந்தன. நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். டாக்டரிடம் காட்டியதும் காகிதத்தைக் கிழித்துப்போடு.

இன்னொன்று. அவர் கை நீட்டுவதை இன்னும் எத்தனை நாள் பொறுப்பாய்? என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. வந்துவிடு.

வாலு

ஜூன் 19

தோழிக்கு,

டாக்டரம்மா தேதிகளைப் பார்த்தார். ஆபரேஷன் வேண்டாமாம், மாத்திரை போதுமாம். அதற்கு நன்றி, மனசார.

அவர் அடிப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. செயலியில் தேதிக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் வைத்திருந்தாயே, அதில் மட்டும்தான் எழுதினேன். நீகூடப் பார்க்க முடியாது என்றதால் எழுதினேன்.

எப்போதிலிருந்து படிக்கிறாய்? கதவில் என் விரலை வைத்து நசுக்கினாரே, அப்போதிலிருந்தா? அந்த வாரமும் ஃபோனில் பேசினாய், வழக்கம்போலச் சிரிக்கவைத்தாய். படித்தவள் வந்திருக்க வேண்டும். வராதவள் படித்திருக்கக் கூடாது.

மற்ற தொண்ணூற்றொன்பது பேர் அந்தக் கட்டத்தில் என்னென்ன எழுதினார்களோ. அவர்களிடம் சொல்லிவிட்டு அழித்துவிடு. இந்த மாதக் கடைசிக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன். உன் அறைக்கு வரவில்லை. போகும் நாளையும் இடத்தையும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.