மூன்று எழுத்தும் கீழே ஒரு பெயரும்

மார்ச் 9. வெயில். காற்றில்லை.

இன்று காலை தோங் என் எழுத்தின் மேல் நின்றுகொண்டு பேசினார்.

பூங்காவின் கல்தரையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாளித் தண்ணீர், நீளக் காம்பில் பஞ்சுத் தூரிகை. சூளை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் என் காலைப் பொழுது இதுதான். ஈரம் காயாத வரியின் நடுவே பாலிஷ் போட்ட ஷூ வந்து நின்றது. "ஷெங் அண்ணே, உங்க கை மாதிரி இந்த மாவட்டத்துலயே கிடையாது!"

எழுத்துக்கலைச் சங்கத்தின் தலைவர் இவர். என்னை இரண்டு முறை சேர்க்க மறுத்தவர். குரு யார் என்று கேட்டார்கள். செங்கல் சூளை என்றேன். சிரித்தார்கள். பொய்யா சொன்னேன்? சூடான கல்லில் ஈரத் தூரிகையை வைத்தால் அடுத்த கோடு இழுப்பதற்குள் முதல் கோடு காய்ந்துவிடும். தயங்குகிற கைக்கு அங்கே வேலையில்லை. சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர் தானியக் கிடங்கு மேலாளராக இருந்தவர், இன்னொருவர் போலீஸ். பதவி போனதும் இவர்களுக்குக் கலை வந்துவிடுகிறது, மூட்டுவலி மாதிரி.

புதுப்பித்த ஆற்றுப் பாலத்துக்குப் பெயர் எழுத வேண்டுமாம். வெண்கொக்குப் பாலம். சீனத்தில் மூன்றே எழுத்து. கல்லில் செதுக்கித் தங்கம் பூசுவார்களாம்.

சரி என்றேன். அவர் போனபின் மிதித்த எழுத்தைத் திரும்ப எழுதினேன்.

மார்ச் 14. மூட்டம்.

எழுதிவிட்டேன். தாள் நிறையக் கிழித்துப் போட்டபின் கடைசியில் வந்தது. கொக்கு என்ற எழுத்து ஒற்றைக்காலில் நிற்கிறது, விழவில்லை. இடது ஓரத்தில் கீழே என் பெயர். அதன் கீழ் என் சிவப்பு முத்திரை, செங்கல் துண்டில் நானே செதுக்கியது. என் மனைவி ருய்சியா எட்டிப் பார்த்து, "கொக்கு பறந்துடாது. சாப்பிட வாங்க" என்றாள். பிடிக்கவில்லையென்றால் வாயே திறந்திருக்கமாட்டாள்.

மார்ச் 16. தூறல்.

தோங் வந்தார். தாளைப் பார்த்தார். விரலால் என் பெயரைத் தொட்டார்.

"இந்த ஓரத்தை வெட்டிடலாம் அண்ணே. அந்த இடத்துல செயலாளர் மியாவ் பேர் வரும்."

"எழுதினது நான்."

"மாவட்டமே அவர் கையில இருக்கு."

"இருக்கட்டும். தூரிகை என் கையில இருக்கு."

குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு டீச்சர், மலைமேல எத்தனை வருஷம் கஷ்டப்படும்? கட்சிச் செயலாளர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டவுனுக்கே மாத்தல்."

தாளைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன். ருய்சியா அவருக்குத் தேநீர் ஊற்றியிருந்தாள். அதை நானே குடித்தேன்.

மார்ச் 17.

மகள் லான்ஷின் போன் செய்தாள். தோங் அவளிடமும் பேசியிருக்கிறார்.

"மூணு எழுத்துப்பா. உங்க உயிரையா கேட்டாங்க?"

"என் பேரை வெட்டக் கேட்டாங்க."

"இங்க குளிர்ல பிள்ளைங்க கையெல்லாம் வெடிச்சிருக்கு. என் கையும்தான். உங்களுக்கு உலகத்துல உங்க கை ஒண்ணுதான் கை."

வைத்துவிட்டாள்.

நான் செஞ்சது தப்பா? இல்ல. இல்லவே இல்ல. அவ அழறதும் கேட்டுச்சு — கேட்கலேன்னு எழுதமாட்டேன். ஆனா அவ மாத்தலுக்கு அவ பதினாறு வருஷமா சொல்லிக்கொடுத்த பாடம் போதாதா? அப்பன் பேரை வெட்டித்தான் வாங்கணுமா?

ஏப்ரல் 30. வெயில்.

பாலம் திறப்பு. மியாவ் தானே எழுதிவிட்டார். அந்தக் கொக்கு கால் ஒடிந்த கோழி. தோங் "என்ன கம்பீரம்! என்ன கம்பீரம்!" என்று முதலில் கைதட்டினார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள்.

மே 2.

பூங்காக் காவலாளி வாளியைப் பிடித்துக்கொண்டான். "தண்ணி ஊத்தாதீங்க பெரியவரே, வழுக்குதாம். மேலிடத்து உத்தரவு."

"மேலிடம் வழுக்கி விழுந்துச்சா?"

சிரித்தான். ஆனால் வாளியை விடவில்லை.

மே 3.

பாலத்தின் முனையில் சோயாப்பால் விற்கிற குவான் அம்மா தன் வண்டிப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். "இங்க எழுதுங்க. ஆனா எழுத்து நல்லாயிருக்கணும், இல்லேன்னா என் பால் திரிஞ்சுடும்." இருக்கிற இடம் போதும். தண்ணீருக்கு ஆறே இருக்கிறது.

லான்ஷினிடமிருந்து போன் இல்லை.

ஆகஸ்ட் 11. புழுக்கம்.

"மியாவ் டிவியிலயே வரலையே, கவனிச்சீங்களா?" என்றாள் குவான் அம்மா. இரவுச் செய்தியில் சொல்லிவிட்டார்கள். ஊழல் விசாரணையில் இருக்கிறார்.

ஆகஸ்ட் 20.

மெஷினை வைத்துப் பாலத்துப் பெயரை அராவி எடுத்தார்கள். தங்கப்பொடி பறந்து சோயாப்பால் கோப்பைகளில் விழுந்தது. "தங்கம் கலந்த பால்! விலை ஏறிடுச்சு, ஓடியாங்க!" என்று குவான் அம்மா கூவினாள். எல்லாரும் சிரித்தார்கள். தோங் நின்றிருந்தார், அந்தக் கம்பீரத்தை முன்னே பின்னே பார்க்காதவர் போல.

எனக்குச் சந்தோஷமா? கொஞ்சம். ஆனாலும், மட்டமான எழுத்தானாலும் கல்லிலிருந்து எழுத்தைச் சுரண்டுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கிறது.

செப்டம்பர் 6. தெளிவு.

தோங் மறுபடி வந்தார், இந்த முறை பழக்கூடையோடு. புதுச் செயலாளருக்கு என் மூன்று எழுத்து வேண்டுமாம்.

"பேர் இருக்கும்ல?"

"இப்ப யார் பேரும் போடறதில்லை அண்ணே. நாளைக்கு யார் விழுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் எங்கேயிருந்து விழறது? தரையிலதான எழுதறேன்."

பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். ருய்சியா ஒரு பேரிக்காயை மட்டும் எடுத்துக்கொண்டாள். "கழுதை கூட ஒரு நேரம் இறங்கி வரும்" என்று என்னைத் திட்டிவிட்டு, அதை நறுக்கி எனக்கே கொடுத்தாள்.

செப்டம்பர் 7.

பாலத்தின் நடுவில் போய் எழுதினேன். மூன்று எழுத்து, ஆள் உயரம். கீழே என் பெயர். அதைச் சுற்றி முத்திரைக்குப் பதில் ஒரு சதுரம். வேலைக்குப் போகிற கூட்டம். குவான் அம்மா முனையிலிருந்து கத்தினாள்: "ஏய் சைக்கிள்! எழுத்தை மிதிப்பியா? உங்க வீட்டுல யாரும் சொல்லிக்கொடுக்கலியா?" சைக்கிள் வளைந்து போனது. பின்னால் வந்தவர்களும் வளைந்தார்கள்.

இனி தினமும்.

செப்டம்பர் 25. நடு இலையுதிர்த் திருநாள். முழுநிலா.

லான்ஷின் வந்தாள். மாற்றல் கிடைக்கவில்லை. நிலாப் பலகாரத்தை அம்மாவிடம் கொடுத்தாள், ஒரு மரப்பலகையை என் முன்னால் சாத்தினாள்.

"பள்ளிக்கூட வாசலுக்கு. எங்க பழைய பலகையில மியாவ் பேர் இருந்துச்சு, கழட்டச் சொல்லிட்டாங்க."

"பேர் போடாமலா?"

"போட்டுத்தான். போடாட்டி நீங்க எழுதுவீங்களாக்கும்!"

அவள் கையைப் பார்த்தேன். வெடிப்புகள் ஆறியிருந்தன, தழும்பு போகவில்லை. மை அரைத்தேன். வழக்கத்தைவிடப் பெரிதாகவே என் பெயரை எழுதினேன்.

அக்டோபர் 14. விடியலிலிருந்து மழை.

பாலம் முழுக்கத் தண்ணீர். எழுத வழியில்லை. குவான் அம்மாவின் தார்ப்பாய்க்குக் கீழே பால் குடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் குடைகளோடு வந்தது. பாலத்தின் நடுவுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்தது, அப்புறம் சேர்ந்தது. அங்கே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

தோங்கும் வந்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி, சுற்றிப் போனார்.