தலைவரின் கணவர்

கள்ளக்குறிச்சி
3.6.2025

அன்புள்ள ஏஞ்சலின்,

நலம். உங்கள் கன்னியர் மடத்தில் போன் கூடாது என்று என்னையும் கடிதம் எழுத வைத்துவிட்டாய். பதிலையாவது நீளமாகப் போடக் கூடாதா?

பிளக்ஸ் கடையில் இப்போது நான்தான் டிசைனர். பக்கத்து ஊர்த் தண்ணீர்த் தொட்டித் திறப்புக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ஊராட்சித் தலைவர் விஜயலட்சுமி அக்கா. ஆனால் ஊரே 'பிரசிடெண்டு' என்று கூப்பிடுவது அவர் கணவர் கொளஞ்சியப்பனை. அவர் படம் ஆள் உயரம் வேண்டுமாம், அக்கா மூலையில் தபால்தலை அளவு இருந்தால் போதுமாம். தொட்டிக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தது அக்கா. அவரைப் பெரிதாக வரையக் கை துறுதுறுக்கிறது. ஓனர் கண்ணாயிரம் வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது. எங்கள் வீட்டில் கரும்பு வெட்டப் போகாத முதல் ஆள் நான். என்ன செய்யட்டும்?

உன்
நிர்மலா

சேலம்
9.6.2025

அன்பு நிம்மி,

ஆண்டவர் உன்னையும் உன் கம்ப்யூட்டரையும் காப்பாராக.

முடிவு செய்துவிட்டுத்தானே என்னைக் கேட்கிறாய்? வரை. ஆனால் அந்த மனுஷனை வெட்டி எறியாதே. ஓரமாக ஓர் இடம் கொடு, கீழே அவருடைய பதவியை உள்ளபடி போடு. அச்சடிப்பதற்கு முன் அவரிடம் காட்டிவிடு. ஏமாற்றிய பாவம் நமக்கு வேண்டாம்.

வேலை போனால் இங்கே வந்துவிடு. வெங்காயம் உரிக்க ஆள் இல்லை.

உனக்காக ஜெபிக்கும்
ஏஞ்சலின்

கள்ளக்குறிச்சி
21.6.2025

என் அருமை ஏஞ்சலின்,

நீ சொன்னபடியே செய்தேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பைலோடு நிற்கிற அக்காவை முழுசாக வரைந்தேன். ஓரத்தில் கொளஞ்சியப்பன், கீழே 'தலைவரின் கணவர்'. அவர் போனுக்கு அனுப்பினேன். மனுஷன் தன் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மீச நல்லா வந்திருக்குது, அடிச்சிடும்மா" என்றார்.

பிளக்ஸ் கட்டியதும் ஊர் படித்துவிட்டது. டீக்கடையில் "வாங்க, பிரசிடெண்டு வூட்டுக்காரரே" என்றார்களாம். கொளஞ்சியப்பன் எங்கள் கடைக்கு வந்து குதித்தார். ஓனர் என்னை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அந்த நேரம் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஏங்க, அதுல இன்னா பொய்யி எழுதிக்கிது?" என்று கணவரைக் கேட்டார். அக்கா ஓனரிடம் திரும்பினார். "இந்தப் பொண்ணு இருந்தாதான் எங்கூரு ஆர்டரு இங்க வரும். அது சரி, கடைப் பேரு போட்டுக்கிறீங்க, வரைஞ்ச பொண்ணு பேரு எங்க?"

"அதெல்லாம் போடுற பழக்கம் இல்லீங்க."

"எங்கூர்ல பொம்பள மூஞ்சியப் பெருசாப் போடுற பழக்கமுந்தான் இல்ல."

ஓனர் என் நாற்காலியைக் காட்டினார். கட்டிய பிளக்ஸில் ஒட்ட, 'ஓவியம்: நிர்மலா' என்று ஒரு பட்டை அடிக்க உட்கார்ந்தேன். கண் கலங்கி, என் பெயரையே தப்பாக அடித்தேனடி.

உன்
நிர்மலா