ததேயுஷ் காவ்ரோன்

ஏப்ரல் 9, செவ்வாய்

மறுபடியும் பார்சல்காரன். "ஹெர் காவ்ரோன்?" என்றான், மிஸ்டர் காவ்ரோனா என்று. ஆமாம் அப்பா, நான்தான் காவ்ரோன், புடவை கட்டின காவ்ரோன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஜெர்மனிக்கு வந்து, இந்த ஆஹென் நகரத்து வீட்டுக்குக் குடிவந்து அரை வருஷம் ஆகிறது. அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இன்னும் முன்பு இருந்தவர் பெயர்தான், ததேயுஷ் காவ்ரோன். போலந்துக்காரராம். அவர் இறந்த பிறகுதான் வீடு எங்களுக்குக் கிடைத்தது.

செத்தவருக்குப் பெயர் இருக்கிறது, பிறந்து இரண்டு மாதம் ஆன என் பிள்ளைக்கு இல்லை. கும்பகோணத்திலிருந்து மாமியார் இன்றும் அதே பாட்டு: "நியூமராலஜிக்காரர் ஊர்ல இல்லம்மா. அவசரப்பட்டு எதையாவது வெச்சுடாதீங்க." பிறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒருபக்கம் நெருக்குகிறார்கள். எல்லாருக்கும் நடுவில் நான் 'குட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். குட்டி திரும்புவதில்லை. பிறந்தபோது எடுத்த காது பரிசோதனையில் தேறவில்லை. காதில் நீர் இருக்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். இருக்கலாமாம்.

ஏப்ரல் 11

கிலுகிலுப்பை. கைதட்டல். தட்டில் கரண்டி. ஒன்றுக்கும் அசையவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "உங்க பாட்டி பேர் அனுப்புற வரைக்கும் நீ இந்த ஆள்தான் போ" என்று மடியில் போட்டு, பெயர் வைக்கும் சடங்கில் செய்வதைப் போலவே வலது காதில் மூன்று முறை சொன்னேன்: ததேயுஷ், ததேயுஷ், ததேயுஷ்.

திரும்பினான்! என்னை நேராகப் பார்த்தான்!

கேட்கிறது. என் பிள்ளைக்குக் காது கேட்கிறது. அவன் அப்பா முகுந்துக்கு ஆபீசுக்கே போன் போட்டு அழுதேன்.

ஏப்ரல் 12

முகுந்த் குக்கர் மூடியைத் தட்டினான். விசில் ஊதினான். 'குட்டி', 'கண்ணா', 'செல்லம்' எல்லாம் ஆயிற்று. ஒன்றுமில்லை. நான் சமையலறையிலிருந்தே மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னேன். குழந்தை தலையைத் திருப்பினான்.

"கோஇன்சிடன்ஸ்" என்றான் முகுந்த். தானே போய்ச் சொல்லிப் பார்த்தான். அவன் குரலுக்கும் திரும்பினான் குழந்தை.

ஏப்ரல் 21, ஞாயிறு

பெயர் வந்துவிட்டது. அஷ்வத். நல்ல பெயர்தான். வீடியோவில் ஊரே கூடியிருக்க, முகுந்த் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னான். மாமியார் "பாரு, சிரிக்கிறான்!" என்றார். எங்கே சிரித்தான்? ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்ட பிள்ளை மாதிரி.

என்ன எழுதுகிறேன் நான்.

மே 14

தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. எவ்வளவு பெரிய சத்தம் கொடுத்தும் ஒரு அசைவும் இல்லை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து கருவி பொருத்தினால் கேட்கும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும்.

"ஒரே ஒரு வார்த்தைக்குத் திரும்புவான்" என்றேன். "எங்கே, சொல்லுங்கள்" என்றார். அவன் விழித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்திருந்தான். நான் கதவருகே நின்று சொன்னேன். திரும்பினான். டாக்டர் கருவியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். குழந்தைகள் மூச்சுக்காற்றை உணர்வார்கள் என்றார். அறையின் அந்தக் கோடியிலிருந்து என்ன மூச்சுக்காற்று?

மே 17

கீழ்வீட்டு மங்கையற்கரசி அக்காவிடம் கேட்டேவிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தக் கட்டடத்தில் எல்லாரையும்விடப் பழையவர்.

"காவ்ரோனையோ? ஓம், வடிவாத் தெரியும். கல்லுடைக்கிற இடத்திலை வேலை செய்து காது அறவே போட்டுது. வெடி போட்டாலும் கேளாது. ஆனா ததேயுஷ் எண்டு பேரைச் சொன்னா மட்டும் திரும்பிப் பார்ப்பார். எப்பிடியெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மனிசி செத்தாப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. இஞ்சை எல்லாரும் ஹெர் காவ்ரோன் தானே. உங்கடை ஹோலுக்கைதான் செத்துக் கிடந்தவர், பாவம். ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

நான் கூப்பிட்டேன், அக்கா. மூன்று முறை.

மே 18

இன்று அந்தப் பெயரைச் சொல்லவில்லை. குழந்தையும் என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 6

முகுந்த் ஆபீஸ் போனதும் சொல்கிறேன். ஆமாம், சொல்கிறேன்தான்! என் பிள்ளை என் முகத்தைப் பார்க்க எனக்கு வேறு என்ன வழி? எந்தத் தாயாவது வந்து சொல்லட்டும், நான் செய்வது தப்பென்று.

ஆகஸ்ட் 2

இப்போது உட்கார்கிறான். மத்தியானம் கூப்பிட்டேன். திரும்பினான். இடது தோளை முதலில் திருப்பி, அப்புறம் தலை, அப்புறம் ஒரு கையைக் காதருகே கொண்டுபோய், மெல்ல. உளுந்துவடை கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ பிள்ளை, அந்த மனிசன் இப்பிடித்தான் திரும்பும்."

ராத்திரி எல்லாவற்றையும் முகுந்திடம் கொட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். "எனக்கும் தெரியும் ஸ்வர்ணா. நானும் சொல்லிட்டுத்தான் இருந்தேன், நீ குளிக்கப் போறப்ப" என்றான். இரண்டு பேரும் அழுதோம். இனி யாரும் சொல்வதில்லை. ஆபரேஷன் வரைக்கும் அவன் எங்களைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. அவனாகவே இருக்கட்டும்.

செப்டம்பர் 19

பார்க்கவில்லை. தொட்டால் மட்டும் திரும்புகிறான். தொட்டுக்கொண்டே இருக்கிறேன்.

டிசம்பர் 3

ஆபரேஷன் முடிந்தது. தலையில் கட்டு. நன்றாகப் பால் குடித்தான்.

ஜனவரி 9

இன்று கருவியை முடுக்கினார்கள். முதல் வார்த்தை என்ன சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. "அஷ்வத், அம்மாடா" என்றேன். பயந்து வீறிட்டு அழுதான். அழுதுகொண்டே என் வாயைப் பிடித்துப் பார்த்தான். என் வாயை! சாமி, எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஜனவரி 26, ஞாயிறு

குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான். பேருந்துக்கு, தும்மலுக்கு, தண்ணீர்க்குழாய்க்கு. அஷ்வத் என்றால் நாலு காலில் ஓடி வருகிறான்.

சாயங்காலம் முகுந்த், கேட்காமல் கொள்ளாமல், அந்த இன்னொரு பெயரைச் சொல்லிவிட்டான். அஷ்வத் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பாத்தியா, போயிடுச்சு" என்று முகுந்த் சிரித்தான்.

நான் குழந்தையின் கண்ணைப் பார்த்தேன். அவன் ஹாலில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும்போது நாம் அண்ணாந்து பார்ப்போமே, அப்படி. பிறகு அந்தப் பார்வை மெல்ல நகர்ந்து வாசல் கதவுவரை போய் நின்றது. அஷ்வத் கையை ஆட்டினான். டாட்டா காட்ட நாங்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முகுந்தின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றான்.