பசைக்கு அடியில் பதினெட்டாவது வரி

அன்புள்ள அக்கா மகளுக்கு,

ஊரே நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். இடித்த குடியிருப்புக்குப் பதில் வீடு தரும் பட்டியலில் முன்பு இருந்த உன் அம்மா பெயர், இப்போது ஒட்டியிருக்கும் புதுப் பட்டியலிலும் இல்லை, இணையதளத்திலும் இல்லை. "ஆரம்பத்துலேர்ந்து இதான் லிஸ்டு, பெரியவரே," என்கிறார் அதிகாரி.

பழைய பட்டியலைத் தேடி எண்ணூர்க் கடலையே இறைத்தேன். மாதவரத்து லாரிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன். கடைசியில் டோல்கேட் பக்கத்து ரேஷன் கடைச் சுவரில், புதுப் பட்டியலுக்கு அடியிலேயே அது ஒட்டியிருந்தது. பசை ஊற ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ஆயிரம் யானை பலத்தோடு உரித்தேன்.

"இன்னா மாமு, செவுத்தக் குளிப்பாட்டிகினு கீற?" என்று டீக்கடை டில்லிபாபு சிரித்தான்.

பதினெட்டாவது வரியில் உன் அம்மா பெயர் இருந்தது. படம் பிடிக்கப் போனை எடுப்பதற்குள் காகிதம் கூழாகிக் கையில் வழிந்தது.

கடல், லாரி, யானை எல்லாம் பொய். அந்தப் பெயரும் அந்த ஒரு குடம் தண்ணீரும் மட்டும் நிஜம். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, பாப்பா.

உன் தாய்மாமன்