வெளியூர்ப் பார்ட்டி

என் மகளின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கினால் நான் ஏதோ சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் வெறும் வணக்கம். நான் நலம். உங்கள் நலத்தை நான் கேட்க வேண்டியதில்லை, விடுதியிலிருந்து மகள் சொல்லிவிடுகிறாள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுவதால் இந்தக் கடிதம்.

விஷயம் வீடு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். என் வேலையை விட்டுவிட்டு நான் வரவில்லை. பிரிவது என்று முடிவாயிற்று, வீட்டை விற்று ஆளுக்குப் பாதி என்பதும் முடிவாயிற்று. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நான் அமர்த்திய தரகரை நம்பாமல் உங்கள் பங்குக்குத் தனியாக ஒருவரை அமர்த்தினீர்களே, அந்தப் புண்ணியவானால் எனக்கு உயிர் போகிறது.

என்னுடைய தரகர் ஸ்கூட்டரில் வருகிற ஒரு அக்கா. உங்களுடையவர் உடம்பெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டு வருகிற சென்ட்டுக்காரர். காலையில் வந்துவிட்டுப் போனால் சாயங்காலம்வரை வரவேற்பறையில் அவர் இருப்பது போலவே இருக்கிறது. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தும் பிரயோஜனம் இல்லை.

போன வாரம் இரண்டு பேரும் நம் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கமிஷன் பேசினார்கள். விற்கிறவர் இரண்டு சதவீதம், வாங்குகிறவர் இரண்டு சதவீதம், அவரவர் தரகருக்கு அவரவர் கொடுப்பது. ஒரே தரகர் இரண்டு பக்கத்தையும் பிடித்துவிட்டால் நான்கும் அவருக்கே. இதுதான் இங்கே நடைமுறையாம். நம் வீட்டிலோ விற்கிற பக்கமே இரண்டு பக்கம்! "பங்குதான் பாதி, அலைச்சல் முழுசு. எனக்கு முழு ரெண்டு பர்சன்ட் வரணும்" என்று சென்ட்டுக்காரர் நின்றார். அக்கா விடுவாரா? "அப்ப நான் மட்டும் பாதி பெட்ரோல்லயா வண்டி ஓட்டறேன்?" என்று கேட்டார். கடைசியில் முழு விலையில் ஆளுக்கு ஒன்றரை என்று படிந்தது. அதாவது நீங்களும் நானும் ஒருவரை ஒருவர் நம்பாததற்கு ஒரு சதவீதம் கூடுதல் செலவு. மகளிடம் சொன்னேன். "ஆளுக்கொரு புரோக்கர் வெச்சுக்கிட்டீங்க. எனக்கும் ஒருத்தரைப் பிடிச்சுக் குடுங்கம்மா, என் பக்கம் பேச ஆள் இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொரு கூத்து. நாம் பிரிகிறோம் என்று தெரிந்தால் அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று விலையை அடித்துவிடுவார்களாம். அதனால் நீங்களும் நானும் வெளிநாட்டில் குடியேறப் போகிறோம் என்று உங்கள் ஆள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வீடு பார்க்க வந்த ஒரு அம்மாள் எந்த நாடு என்று கேட்க, நான் ஒரு நாட்டைச் சொன்னேன், உங்கள் ஆள் அதே நேரத்தில் வேறொன்றைச் சொன்னார். அந்த அம்மாள் சமையலறையைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

உங்கள் ஆளைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வெளிநாடு போவதாக நடித்துக்கொண்டிருப்பவள்

*

என் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். சென்ட்டுக்காரர் ஒரு பார்ட்டியைப் பிடித்திருக்கிறார். உங்களிடமும் சொல்லியிருப்பார். வெளியூர்ப் பார்ட்டியாம், பெயர் கேட்டால் ஒப்பந்தம் போடும்போது சொல்கிறேன் என்கிறார். விற்கிற பக்கத்தில் உங்களிடம் ஒன்றரை, வாங்குகிற பக்கத்தில் அந்தப் பார்ட்டியிடம் இரண்டு. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு இந்தப் பார்ட்டியைப் பிடிக்கவே இல்லை. வீட்டைப் பார்க்க வரவில்லை. சொன்ன விலைக்குச் சரி என்றுவிட்டார், பேரமே கிடையாது. பேரம் பேசாதவனுக்குப் பணத்தின் அருமை தெரியாது, இல்லாவிட்டால் வேறு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது. போதாதற்கு நிபந்தனைகள் வேறு. சமையலறை அலமாரியைக் கழற்றக் கூடாதாம். மகள் அறைக்கு வேறு வண்ணம் பூசக் கூடாதாம். இவர் யார் என் மகளின் அறையைப் பற்றிப் பேச?

எல்லாவற்றையும்விட எரிச்சல் கடைசி நிபந்தனைதான். "மேடம் எத்தனை வருஷம் வேணும்னாலும் இங்கயே இருக்கட்டும், வாடகை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரின்னுட்டார் மேடம்" என்று சென்ட்டுக்காரர் பல்லை இளிக்கிறார். முன்பின் தெரியாத ஆள் எனக்கு எதற்கு இரக்கப்பட வேண்டும்? நான் என்ன நடுத்தெருவிலா நிற்கிறேன்? பாதி வீட்டுக்குச் சொந்தக்காரியை ஓசிக் குடித்தனக்காரி ஆக்கப் பார்க்கிறார்.

வேண்டாம் என்று நான் மட்டும் சொல்லிவிட முடியாது, உங்கள் பாதியும் இருக்கிறது. உங்கள் அபிப்பிராயத்தை மகளிடம் கேட்டனுப்பினால் "நல்ல பார்ட்டியாத்தான் தெரியுது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. பார்க்காமலே சொல்கிறீர்கள். உங்களுக்குச் சீக்கிரம் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான். நானும் சரி என்றே சொல்லிவிடுகிறேன். சண்டை போடத் தெம்பில்லை.

இப்படிக்கு,
பாதி வீட்டுக்காரி

*

ஏங்க,

உங்களுக்குப் புத்தி இருக்கிறதா?

இன்று ஒப்பந்தத்துக்கு நாள் குறிக்கச் சென்ட்டுக்காரர் வந்தார். குறைகளை மறைத்து விற்றால் நாளைக்கு என் தலையில்தான் விடியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாடிச் சுவரில் ஈரம் ஏறுவதைச் சொன்னேன். தண்ணீர் மோட்டார் சில நாள் ஓடாமல் முனகிக்கொண்டே நிற்பதைச் சொன்னேன். "அதெல்லாம் பார்ட்டிக்குத் தெரியும் மேடம். இடது பக்கம் ஸ்பேனரால ஒரு தட்டு தட்டினா ஓடிடுமாமே" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இந்த வீட்டில் காலே வைக்காத பார்ட்டிக்கு மோட்டாரை எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பதுவரை தெரிந்திருக்கிறது. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நான் வாங்கவில்லை.

வாசலை மறித்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மனிதர் எல்லாவற்றையும் கக்கினார். உங்கள் அலுவலக நண்பர் பெயரில் முதலில் வாங்குவதாம், பிறகு மெதுவாக உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதாம், அதுவரை எனக்குத் தெரியவே கூடாதாம். கடன் வேறு கேட்டிருக்கிறீர்களாம்.

ஒரு கிலோ தக்காளிக்கு நாலு கடை ஏறி இறங்குகிற மனிதரா நீங்கள்? விற்கிறவராக ஒன்றரை கொடுப்பீர்கள், வாங்குகிறவராக இரண்டு கொடுப்பீர்கள். நண்பர் பெயருக்கு ஒரு பதிவுச் செலவு, உங்கள் பெயருக்கு இன்னொன்று. இத்தனையும் எதற்கு? சொந்த வீட்டைக் காசு கொடுத்து வாங்க! இது வீண் செலவு என்று அந்த ஆளும் வாயைத் திறக்கவில்லை பாருங்கள். திறந்தால் கமிஷன் போய்விடுமே.

அக்காவிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கூட்டாக இருக்கிற சொத்தில் ஒருவர் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கத் தரகரே வேண்டாமாம். எழுதிப் பதிவு செய்தால் போதுமாம். அதில் அவருக்கும் ஒன்றும் வராதுதான். ஆனால் தனக்குக் கிடைக்காதது சென்ட்டுக்காரருக்கும் கிடைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எல்லா விவரமும் சொன்னார். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்.

கேட்டதும் சிரித்துவிட்டேன். அக்கா போன பிறகு அழுதேன். விடுதலை வேண்டும் என்று வக்கீலிடம் போய் முதலில் சொன்னவள் நான்தான். அதையே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றதும் எனக்குப் பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை.

உங்கள்மேல் கோபம் தீரவில்லை. நான் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்தீர்கள், மகளுக்கு வந்து தங்க ஒரு அறை இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள், எல்லாம் சரி. அதை என்னிடம் சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? மாற்றல் வாங்கும்போதும் என்னைக் கேட்கவில்லை. இப்போது என்னைக் காப்பாற்றும்போதும் கேட்கவில்லை. கெட்டதையும் சொல்லாமல் செய்கிறீர்கள், நல்லதையும் சொல்லாமல் செய்கிறீர்கள். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

சென்ட்டுக்காரரையும் அக்காவையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடு விற்பனைக்கு இல்லை. கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்குங்கள். உங்களிடம் கேட்காமல் நானும் ஒரு முடிவு எடுத்துவிட்டேன், எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

அடுத்த விடுமுறைக்கு மகள் வருகிறாள். அந்தச் சமயம் பார்த்து வாருங்கள். வந்து உட்கார்ந்து, நடுவில் ஆள் வைக்காமல், கேட்க வேண்டியதை உங்கள் வாயாலேயே கேளுங்கள். நான் என்ன பதில் சொல்வேன் என்று இப்போதே எழுதிவிட்டால் உங்களுக்கு இளக்காரமாகிவிடும். அதனால் எழுதவில்லை. கேளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்